கோடு இறங்கினால் காடு பிழைத்துவிடுமா?

என்னிடம் பொருளாதாரம் படிக்கும் ஆறாம் படிவ மாணவர் ஒருவர் அண்மையில் தம் ஆய்வுப் பணியைக் கொண்டுவந்து காட்டினார். ஜப்பான், சீனா ஆகிய இரு நாடுகளின் வன்மர இறக்குமதியை ஒப்பிடும் ஆய்வு. தாளின் நடுவே ஒரு வரைபடம் இருந்தது. ஜப்பானைக் காட்டும் நீலக் கோடு 1973இல் உச்சிக்கு ஏறிப் பிறகு இறங்கிக்கொண்டே வந்தது. சீனாவைக் காட்டும் சிவப்புக் கோடு 1998 வரை தரையில் படுத்திருந்துவிட்டு அதன்பின் செங்குத்தாக எழுந்தது. இரண்டும் நடுவில் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு பெருக்கல் குறிபோல் நின்றன.

வரைபடத்தின் கீழே அவர் எழுதியிருந்த முடிவு இதுதான்: 'ஜப்பான் காடுகளைக் காக்கக் கற்றுக்கொண்டது. சீனா காடுகளை அழிக்கத் தொடங்கியது.'

"நல்லா இருக்கா சார்?" என்று கேட்டார்.

படம் நன்றாகத்தான் இருந்தது. முடிவுதான் தவறு. அது அந்த ஒரு மாணவரின் தவறு மட்டுமல்ல. நாளேட்டில், கைப்பேசியில், பாடநூலில் என்று தினமும் இப்படிப்பட்ட கோடுகளைப் பார்த்து நாம் எல்லோரும் இதே அவசரத்தில்தான் தீர்ப்பு எழுதுகிறோம். ஏறும் கோட்டைக் கண்டால் குற்றவாளி, இறங்கும் கோட்டைக் கண்டால் உத்தமன். ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன் என்ற முறையில் எனக்கு இந்தத் தீர்ப்பில் உடன்பாடில்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

ஒரே பொருளைத்தான் ஒப்பிடுகிறோமா?

முதலில் சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். வன்மரம் என்றால் கடினமான மரம் என்று பலர் நினைக்கிறார்கள். அகன்ற இலை கொண்ட மரங்களிலிருந்து கிடைப்பது வன்மரம். பைன் போன்ற ஊசியிலை மரங்களிலிருந்து கிடைப்பது மென்மரம். கையால் நசுக்கக்கூடிய பால்சா மரமும் இந்தக் கணக்கில் வன்மரம்தான். நம் தோட்டத்து ரப்பர் மரமும் வன்மரம்தான். ஈப்போ நகருக்குப் பெயர் கொடுத்த ஈப்போ மரமும் அப்படியே.

நம் மாணவர் ஜப்பானுக்கு எடுத்துக்கொண்ட எண்கள், தென்கிழக்காசியாவிலிருந்தும் அதன் அண்டைத் தீவுகளிலிருந்தும் போன வெப்பமண்டல வெட்டுமரங்களுக்கு உரியவை. சீனாவுக்கு எடுத்துக்கொண்டதோ எல்லா வகை வெட்டுமரங்களும் சேர்ந்த கணக்கு. 2007இல் சீனா இறக்குமதி செய்த வெட்டுமரம் ஏறக்குறைய 3 கோடியே 70 லட்சம் கன மீட்டர். அதில் பாதிக்கு மேல் ரஷ்யாவிலிருந்து வந்தது; பெரும்பாலும் மென்மரம். ஆக, நீலக் கோடு ஒரு பொருளைப் பேசுகிறது, சிவப்புக் கோடு வேறொன்றைப் பேசுகிறது. மாம்பழத்தையும் மாங்கொட்டையையும் தராசின் இரு தட்டில் வைத்த கதைதான்.

அடுத்து, தலைக்கு எவ்வளவு என்று பார்க்க வேண்டும். 1973இல் ஜப்பான் 2 கோடியே 50 லட்சம் கன மீட்டருக்கும் மேற்பட்ட வெப்பமண்டல வெட்டுமரத்தை வாங்கியது. அப்போது அதன் மக்கள் தொகை ஏறக்குறைய 10 கோடியே 90 லட்சம். வகுத்துப் பாருங்கள்: ஆளுக்கு 0.23 கன மீட்டர். 2007இல் சீனாவின் மக்கள் தொகை ஏறக்குறைய 132 கோடி. ரஷ்ய மென்மரத்தையும் சேர்த்தே வகுத்தாலும் ஆளுக்கு 0.028 கன மீட்டர்தான் வருகிறது. அதாவது, உச்சத்தில் இருந்த ஜப்பானியர் ஒருவரின் கணக்கு, மேலே ஏறிக்கொண்டிருந்த சீனர் ஒருவரின் கணக்கைப்போல் எட்டு மடங்கு. வரைபடத்தில் வில்லனாகத் தெரிந்தவர் இப்போது அப்படித் தெரிகிறாரா?

இதைச் சொன்னதும் மாணவர் கால்குலேட்டரை எடுத்து இருமுறை தட்டிப் பார்த்தார். விடை மாறவில்லை.

நீலக் கோடு ஏன் இறங்கியது?

ஜப்பானுக்குக் காட்டின் மீது திடீரென்று கருணை பிறந்து கோடு இறங்கவில்லை. 1960களில் அதற்கு மரம் கொடுத்தது பெரும்பாலும் பிலிப்பைன்ஸ். அங்கே மரம் குறையத் தொடங்கியதும் இந்தோனேசியா முன்னுக்கு வந்தது. இந்தோனேசியா 1985இல் வெட்டுமர ஏற்றுமதியை முற்றாக நிறுத்தியது. அதே 1985இல் நம் தீபகற்ப மலேசியாவும் நிறுத்தியது. பிறகு சபா, சரவாக். 1993இல் சபாவும் தடை போட்டது. ஒவ்வொரு கதவாக மூட மூட, கோடு ஒவ்வொரு படியாக இறங்கியது. 2010களின் நடுவில் அது சில லட்சம் கன மீட்டராகச் சுருங்கிவிட்டது.

ஏற்றுமதித் தடை போட்ட நாடுகளும் காட்டுக்காக மட்டும் போடவில்லை. 'மரத்தை அப்படியே அனுப்பாதே. இங்கேயே அறுத்து, ஒட்டுப்பலகையாக்கி அனுப்பு. வேலையும் இலாபமும் இங்கே தங்கட்டும்' என்பதும் ஒரு முக்கியக் காரணம். அதனால் 1980களின் நடுவிலிருந்து என்ன நடந்தது? வெட்டுமரமாகப் போனது குறைந்தது. ஒட்டுப்பலகையாகப் போனது கூடியது. ஜப்பானியக் கட்டுமானத் தளங்களில் கான்கிரீட் ஊற்றும் அச்சுப் பலகைக்கு இந்தோனேசிய, சரவாக் ஒட்டுப்பலகைதான் பல்லாண்டுகள் பயன்பட்டது. மரம் அதே காட்டு மரம். சுங்கத்துறையின் பட்டியலில் மட்டும் அதன் பெயர் மாறியது.

மாணவர்களே, இந்த இடத்தை நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள். உலக வாணிகத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் உண்டு. வெட்டுமரத்துக்கு 4403. அறுத்த பலகைக்கு 4407. ஒட்டுப்பலகைக்கு 4412. தளவாடங்கள் மரத்துக்குரிய 44ஆம் அத்தியாயத்தைவிட்டே வெளியேறி 94ஆம் அத்தியாயத்துக்குப் போய்விடுகின்றன. 4403இல் மட்டும் தேடுகிறவருக்கு 94இல் போய் உட்கார்ந்திருக்கும் நாற்காலி தென்படாது.

ஜப்பானின் உண்மையான தேவையும் குறைந்தது என்பதை மறுக்கவில்லை. 1973இல் அங்கே ஏறக்குறைய 19 லட்சம் வீடுகள் கட்டத் தொடங்கப்பட்டன. 2009க்குப் பிறகு எந்த ஆண்டிலும் அந்த எண்ணிக்கை 10 லட்சத்தைத் தொடவில்லை. ஒட்டுப்பலகை ஆலைகளும் மெல்ல மெல்ல மென்மரத்துக்கு மாறின. ஆனால் இன்னோர் உண்மையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஜப்பானின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு காடு. மற்றவர் காட்டிலிருந்து மரம் வந்துகொண்டிருந்த காலத்தில் அதன் சொந்த மலைகளில் மரங்கள் முதிர்ந்துகொண்டிருந்தன.

சிவப்புக் கோடு ஏன் ஏறியது?

1998இல் யாங்சி ஆற்றில் பெருவெள்ளம் வந்தது. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். மலைச்சரிவுகளில் மரங்களை வெட்டியதும் ஒரு காரணம் என்று சீன அரசு முடிவு செய்து, இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுவதைக் கட்டுப்படுத்தியது. வெளிநாட்டு மரத்துக்கான சுங்க வரியையும் அடுத்து நீக்கியது. 1997இல் 50 லட்சம் கன மீட்டருக்கும் குறைவாக இருந்த வெட்டுமர இறக்குமதி பத்தே ஆண்டில் ஏழு மடங்குக்கு மேல் பெருகியது.

ஆகவே, ஏறுகின்ற சிவப்புக் கோட்டின் அடியில் இருப்பது ஒரு காடு காக்கும் சட்டம்! சீனா தன் காட்டைக் காக்கப் போய்ப் பாப்புவா நியூ கினி, சாலமன் தீவுகள் ஆகியவற்றின் காடுகளுக்குச் சுமை கூடியது. அங்கிருந்து ஏற்றுமதியாகும் வெட்டுமரத்தில் பெரும்பகுதி போவது சீனாவுக்குத்தான். நம் பக்கத்து வீட்டுத் தாய்லாந்தின் கதையும் இதே வகை. 1988இல் நக்கோன் சி தம்மராட்டில் வெள்ளம். 1989 தொடக்கத்தில் இயற்கைக் காடுகளில் மரம் வெட்டத் தடை. அதன்பின் தாய்லாந்தின் பலகை ஆலைகள் பெரிதும் நம்பியது எதை என்கிறீர்கள்? ரப்பர் மரத்தை. இன்று தாய்லாந்து ஏற்றுமதி செய்யும் ரப்பர் மரப் பலகையில் பெரும்பகுதியை வாங்குவது சீனா.

வாங்கிய மரம் முழுவதும் சீன வீடுகளுக்குள் போகவும் இல்லை. சீனா உலகின் மிகப் பெரிய தளவாட ஏற்றுமதி நாடு. அதன் இறக்குமதிக் கோட்டுக்குள் அமெரிக்கர் படுக்கும் கட்டிலும் ஐரோப்பியர் சாப்பிடும் மேசையும் மறைந்திருக்கின்றன.

எங்கள் தோட்டத்து மரம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது?

'சரி சார், ஜப்பானையும் சீனாவையும் ஒப்பிடுவதால் நமக்கு என்ன?' என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்குத்தான் என் வீட்டுக் கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

1877இல் கோலகங்சாரில் நட்ட ரப்பர் கன்றுகளில் ஒன்று இன்றும் மரமாக நிற்கிறது. அந்த ஊருக்கும் ஈப்போவுக்கும் நடுவே, சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் என் அப்பா பால்மரம் வெட்டினார். விடியுமுன் பெரட்டு, பிறகு நிரையில் ஐந்நூறு மரம்போல, பிறகு மங்குகளில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றிக் காண்டாவில் சுமந்து வருவது. பால் வற்றிய கிழட்டு மரத்தை வெட்டினால் அது விறகு. பாட்டி அடுப்பெரித்தது அந்த விறகில். தோட்டத்து ஆலையில் ரப்பர் பாய்களுக்குப் புகை போட்டதும் அந்த விறகில். 1960களில் பிறையில் தொடங்கிய மலாயாவாத்தா இரும்பாலை, ரப்பர் மரக் கரியை எரித்துத்தான் இரும்பு உருக்கியது. அதில் ஜப்பானின் யாவாத்தா நிறுவனம் பங்காளி. எரிப்பதைத் தவிர வேறு எதற்கும் உதவாத மரம் என்றுதான் ஊரே நினைத்தது.

காரணம் இல்லாமல் நினைக்கவில்லை. ரப்பர் மரத்தில் மாவுச்சத்து அதிகம். வெட்டிப்போட்ட சில நாள்களில் பூஞ்சை பிடித்து நீலம் பாய்ந்துவிடும். வண்டு துளைத்து மாவாக்கிவிடும். எஸ்பிஎம் தேர்வு முடிந்த விடுமுறையில் நான் ஒரு பலகை ஆலையில் வேலை செய்தேன். லாரியில் வந்த கட்டைகள் ஆறடி நீளம்தான் இருக்கும். அறுக்கும்போது பால் பிசின் வாளில் ஒட்டிக்கொள்ளும். கட்டையில் பாதிகூடப் பலகையாகத் தேறாது. அறுத்த கையோடு பலகைகளை ஓர் இரும்பு உருளைக்குள் அடுக்கிப் போரான் கரைசலை அழுத்தத்தில் ஏற்றுவார்கள். பிறகு சூளையில் உலர்த்துவார்கள். வெளியே வரும்போது பலகை வெண்பழுப்பாக, கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கும். கெப்போங்கில் உள்ள மலேசிய வன ஆராய்ச்சிக் கழகம் போன்ற இடங்களில் நடந்த ஆய்வுகள்தாம் விறகை இப்படிப் பலகையாக்கின. பின்னர் மலேசியாவின் மரத் தளவாட ஏற்றுமதியில் ஏறக்குறைய 80 விழுக்காடு ரப்பர் மரத்தால் ஆனது என்று சொல்லும் நிலை வந்தது. ஜோகூரின் மூவார் நகரம் அந்தத் தொழிலால் வளர்ந்தது.

வாங்குவோரில் முதலிடம் அமெரிக்காவுக்கு. முன்னணியில் இருக்கும் மற்றொரு நாடு எது தெரியுமா? நம் மாணவரின் வரைபடத்தில் இறங்கிக்கொண்டே போன ஜப்பான்! அப்பா வெட்டிய மரங்களில் சில அங்கே நாற்காலியாகப் போயிருக்கலாம். ஆனால் வெட்டுமர இறக்குமதிக் கட்டத்தில் அவற்றைத் தேடினால் கிடைக்காது. அவை 94ஆம் அத்தியாயத்தில் இருக்கின்றன.

தாய்லாந்து ரப்பர் மரத்தைப் பலகையாக விற்கிறது. நாம் 1990இல் பலகை ஏற்றுமதிக்குத் தீர்வை போட்டோம். 2017 ஜூலையில் பலகை ஏற்றுமதியை முற்றாகத் தடை செய்தோம். தளவாடம் செய்ய உள்நாட்டில் மரம் போதவில்லை என்பதுதான் காரணம். 1980இல் ஏறக்குறைய 20 லட்சம் ஹெக்டேரில் நின்ற ரப்பர் இன்று 11 லட்சம் ஹெக்டேர் அளவில்தான் இருக்கிறது. எண்ணெய்ப் பனையோ 10 லட்சத்திலிருந்து 50 லட்சம் ஹெக்டேருக்கு மேல் போய்விட்டது.

எண்ணெய்ப் பனை பரவிய அந்தக் கதைக்குள் எங்கள் லயமும் இருந்தது. 1980களின் இறுதியில் ஒருநாள் குத்தகைக்காரரின் ஆள்கள் வாளோடு வந்தார்கள். சில வாரங்களில் நிரைகள் காலியாயின. செம்பனைக் கன்றுகள் வந்தன. பால்வெட்டுக்காரர்களுக்கு வேலை இல்லை. வேலை இல்லாதவர்களுக்கு வீடும் இல்லை. நாங்கள் ஈப்போவின் ஓரத்தில் ஒரு வாடகை வீட்டுக்கு வந்தோம். இருபத்தைந்து ஆண்டு கத்தி பிடித்த அப்பா ஒரு தொழிற்சாலை வாசலில் பாதுகாவலராக நின்றார். விறகாக இருந்த மரத்துக்கு விலை வந்த அதே காலத்தில்தான் அதைப் பேணி வளர்த்தவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். லாரியில் ஏறிய கட்டைகளின் விலையில் ஒரு காசுகூட லயத்துக்கு வரவில்லை. யாரும் கேட்கவும் இல்லை, ஏனென்றால் அந்த மரத்துக்கு விலை உண்டு என்பதே எங்களில் யாருக்கும் தெரியாது.

இதற்கு மாறாகவும் ஒரு வழி இருந்தது. சுங்கை சிப்புட்டிலிருந்து வந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். துண்டாடப்பட்டுக்கொண்டிருந்த தோட்டங்களைத் தொழிலாளரின் சந்தாவைக் கொண்டே வாங்கலாம் என்று காட்டியவர் அவர். நிலத்தில் பங்கு இருந்தால் பாலில் பங்கு உண்டு. பால் வற்றினால் மரத்திலும் பங்கு உண்டு. எங்கள் தோட்டம் அந்த வழிக்கு வரவில்லை.

நான் கேட்பது

மாணவர்களே, வரைபடமே வரையாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. நிறைய வரையுங்கள். ஆனால் முடிவை எழுதுமுன் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். இரு கோடுகளும் ஒரே பொருளைத்தான் அளக்கின்றனவா? தலைக்கு எவ்வளவு வருகிறது? கோடு இறங்கியபோது பொருள் மறைந்ததா, வேறு பெயரில் வேறு வாசலில் நுழைந்ததா? இந்த எண்ணுக்குள் உழைத்தவர் யார், அவருக்கு என்ன கிடைத்தது? முதல் மூன்று கேள்விகளுக்கு விடை அட்டவணையில் உண்டு. நான்காவதுக்கு உங்கள் தாத்தா பாட்டியிடம்தான் உண்டு. அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள்.

பெற்றோருக்கும் ஒரு சொல். மரத்தொழில் என்றதும் 'பலகை அறுக்கப் போகிறாயா?' என்று பிள்ளையை ஏளனம் செய்யாதீர்கள். புத்ரா பல்கலைக்கழகத்தில் வனவியல் துறை இருக்கிறது. மர அறிவியல், தளவாட வடிவமைப்பு, வாணிகச் சட்டம், சுங்கம் என்று இந்தத் தொழிலுக்குப் பல வாசல்கள். நூறு ஆண்டுகளுக்கு மேல் இந்த மரத்தின் அடியில் நின்ற சமூகம் நாம். நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அதன் விலையைத் தீர்மானிக்கும் மேசையில் உட்கார்ந்திருக்கிறார்கள்? மரத்தில் கத்தி வைத்த பாட்டனின் பேரன் அந்த மரத்துக்கு வடிவம் வரைபவனாகவோ, அதன் ஏற்றுமதி ஒப்பந்தத்தை எழுதுபவளாகப் பேத்தியோ வருவதில் என்ன தடை?

நம் மாணவர் ஆய்வுப் பணியைத் திரும்ப எழுதினார். இந்த முறை இரு கோடுகளும் ஒரே பொருளுக்கு உரியவை. அடியில் ஒட்டுப்பலகைக்கும் தளவாடத்துக்கும் தனித்தனிக் கட்டங்கள். முன்பு இரண்டு வரியில் முடிந்த முடிவு இப்போது ஒன்றரைப் பக்கம். அதில் 'கற்றுக்கொண்டது', 'அழிக்கத் தொடங்கியது' என்ற சொற்கள் இல்லை. கடைசிப் பக்கத்தில் ஒரு பின்னிணைப்பும் சேர்த்திருந்தார். சிம்மோர் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய அவருடைய பாட்டியிடம் எடுத்த பேட்டி. 'வெட்டிய மரத்தை எங்கே கொண்டு போனார்கள் என்று உங்களுக்குத் தெரியுமா, பாட்டி?' என்று அவர் கேட்டிருந்தார்.

'விறகுக்குன்னுதான் நெனச்சோம்' என்பது பாட்டியின் பதில்.